மாதா விளக்கும் வண்டிச் சாவியும்

தங்கச்சிமடத்தில் மரியசெல்வத்தின் வீட்டு அடுப்படியில் எட்டு வருடம் ஒரு கணவாய் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, ஐந்து கால். இரவுச் சமையல் முடிந்ததும் அவருடைய மனைவி ஜெபமாலை அதை ஒரு பழைய துண்டில் சுற்றி, சூடு ஆறாத அடுப்பின் ஓரத்தில் வைத்துவிடுவார். விடியுமுன் எழுந்ததும் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் புருஷனிடம் கொடுப்பார். இல்லாவிட்டால் தோசைக்கல்லைக் காயவைத்து, துண்டோடு அதன்மேல் இரண்டு நிமிடம் பிடிப்பார்.

கணவாய் என்பது அந்த மீனைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர். உண்மையில் அது வேனின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பெட்ரோல் இன்ஜினின் நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துத் தீப்பொறியைப் பங்கிடுகிற கிண்ணம் ஒன்று உண்டு. அதன் மேல்மூடி. பிளக்குகளுக்குப் போகும் ஒயர் நான்கு, மின்சாரத்தைப் பெருக்கித் தரும் காயிலிலிருந்து வரும் ஒயர் ஒன்று, ஆக ஐந்து கால். கடற்காற்றின் ஈரம் அதற்குள் இறங்கிவிட்டால் பொறி வழிதவறும், வண்டி கிளம்பாது. கடலிலிருந்து இருநூறு அடி தள்ளியிருந்த அந்த வீட்டில் ஈரம் எட்டாத இடம் அடுப்படி ஒன்றுதான். மறுபடி மாட்டும்போது ஒயர் மாறிவிடக்கூடாது என்று ஜெபமாலை வலை பொத்துகிற நைலான் நூலால் ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டிருந்தார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. வரிசை ஏன் அப்படி என்று அவர் கேட்டதில்லை. மந்திரம் மாதிரி மனப்பாடம்.

மரியசெல்வம் கடலுக்குப் போகாத மீனவர். பதினான்கு வயதில் அவருடைய அய்யா சந்தியாகு அவரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை மறையுமுன்னே வாந்தி. அடுத்த நாளும் அப்படி, அடுத்த வாரமும் அப்படி. "மீனுக்கு எரை போடுறதுக்குன்னே ஒருத்தனப் பெத்துருக்கேன்" என்று சந்தியாகு கோயில் வாசலில் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அதன்பிறகு மகனை வற்புறுத்தவில்லை. 1974இல் மரியசெல்வம் மண்டபத்தில் ஒரு கருவாட்டு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். காலுக்குக் கீழே தரை ஆடாமல் கிடந்தது அவருக்குப் பிடித்துப்போனது. பதினோரு வருடம் கழித்து, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட பழைய வேனை வாங்கினார். ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி. எத்தனை தடவை வெள்ளையடித்தும் பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் தீவுக்குச் சாலை கிடையாது. ரயில்தான். வேன் மண்டபத்தில் நிற்கும். தங்கச்சிமடத்துப் பெண்கள் மீன்கூடைகளோடு ரயிலில் வந்து இறங்குவார்கள், அங்கிருந்து பரமக்குடிக்கு மரியசெல்வம் கொண்டுபோவார். பின்னால் இரண்டு கதவும் விரியத் திறக்கும். நோயாளிக் கட்டில் இருந்த இடத்தில் கூடைகள். ஓரப் பலகையில் பெண்கள்.

"ஏலே செல்வம், நாங்கள்லாம் நோயாளியளாடா?" என்பார் ரோக்கியம்மாள். பத்துப் பெண்களுக்கும் அவர்தான் முன்னத்தி. பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை.

"ஒங்க நாத்தத்துக்கு நோயாளி எந்திரிச்சு ஓடிருவான், அத்த."

1988இல் பாம்பன் பாலம் திறந்ததும் வேன் வீட்டுக்கே வந்துவிட்டது. ஜெபமாலை வாசலுக்கு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இத எங்கன நிப்பாட்டப் போறீக?" என்றார். ஓலை வேலியை ஒட்டித்தான் இடம் இருந்தது. அந்த மழைக்காலத்திலேயே உப்பு வேலையைக் காட்டத் தொடங்கியது.

மூடிக்குள் பாயிண்ட் என்று ஒரு ஜோடி சிறு முனைகள் உண்டு. இன்ஜின் சுற்றச் சுற்ற அவை ஒட்டிப் பிரியும். பிரிகிற நேரத்தில்தான் பொறி வரும். அந்த முனைகளில் உப்புப் பூத்துவிடும். சனிக்கிழமைதோறும் மரியசெல்வம் தீப்பெட்டிப் பக்கத்தால் அவற்றைத் தேய்ப்பார். இடைவெளி சரியா என்று பார்க்கக் கல்யாணப் பத்திரிகையின் மூலையைச் செருகுவார். யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் அட்டையின் தடிமனைத்தான் விரல் பார்க்கும்.

வண்டியின் முன்பலகையில் வேளாங்கண்ணி மாதா சொரூபம் ஒன்று இருந்தது. காலடியில் நீல பல்பு. மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் அதை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். சாவியைத் திருப்பினால் பல்பு எரியும், இன்ஜின் ஓட வேண்டியதில்லை. விடியலில் கரையில் ஏலம் முடிய முடியப் பெண்கள் கூடையோடு வருவார்கள். மரியசெல்வம் வண்டியைக் கரையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் போட்டு வைப்பார். அரையிருட்டில் அந்த நீலம் தூரத்திலிருந்தே தெரியும். விளக்கு எரிகிறவரை வண்டி காத்திருக்கிறது என்று அர்த்தம். யாருடைய வள்ளம் பிந்தினாலும் அவருடைய கூடை ஏறாமல் வண்டி நகராது. "மாதா கண்ணு தொறந்திருக்கா, ஓடாதீக, மெல்ல வாங்க" என்று ரோக்கியம்மாள் மற்றவர்களுக்குச் சொல்வார்.

இப்படி விளக்குப் போட்டு நிற்கையில் சில நாள் இன்ஜினுக்குப் பக்கத்தில் காயில் சுடும். ஈரம் காயட்டும், நல்லதுதான் என்று மரியசெல்வம் நினைத்துக்கொள்வார்.

1996 ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கி இரண்டு வாரத்துக்குள் வண்டி இரண்டு தடவை பாம்பன் பாலத்தின் உச்சியில் நின்றது. முதல் தடவை சாரல். மரியசெல்வம் மூடியைக் கழற்றி, ரோக்கியம்மாளின் முந்தானையில் துடைத்து மாட்டிக் கிளப்பினார். இரண்டாம் தடவை அதுவும் நடக்கவில்லை. பின்னால் பஸ்களும் யாத்திரை வண்டிகளும் ஹாரன் அடிக்க, பெண்கள் இறங்கி மழையில் தள்ளிச் சரிவில் உருட்டிவிட்டார்கள். பரமக்குடி போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. எல்லார் வீட்டிலும் குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. சாளையும் காரலும் அப்படியே கூடையில் திரும்பின.

வீட்டு வாசலில் கூடையை இறக்காமலே ரோக்கியம்மாள் சொன்னார்.

"இங்கரு செல்வம். ஒன்னய எனக்குப் பிள்ளையில இருந்து தெரியும். ஆனா மீனுக்கு அது தெரியாது. இன்னும் ஒருதரம் இது நின்னுச்சுன்னா நாங்க சவேரியாரு வண்டிக்குப் போயிருவோம். பத்துப் பேரும்."

சவேரியார் அந்தக் கோடையில்தான் புது டீசல் வேன் வாங்கியிருந்தார். ஜெபமாலைக்குச் சித்தி மகன். டீசல் இன்ஜினுக்கு மூடியும் கிடையாது, பிளக்கும் கிடையாது, அடுப்படிக்குள் வரவேண்டிய எதுவும் கிடையாது. மரியசெல்வத்துக்கு அந்தப் பத்துக் கூடைதான் பிழைப்பு. பெண்கள் போய்விட்டால் மறுபடி லாரிக்குப் போக வேண்டும், நாற்பத்திரண்டு வயதில், இன்னொருவரின் கீழே.

மறுநாள் ராமநாதபுரம் கேணிக்கரையில் சீனி முகம்மதுவின் பட்டறைக்குப் போனார். கார் எலக்ட்ரிக் வேலையில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று பேர். மெலிந்த மனிதர், காதோரம் எப்போதும் ஒரு டெஸ்டர்.

"பாயிண்ட மாத்தி மாத்தி ஒனக்கு விடியாது மாப்ள" என்றார் சீனி முகம்மது. "பாயிண்டே வேணாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுருவோம். மதுரையில சொல்லி வரவழைக்கிறேன். ஞாயித்துக்கெழம நானே வாரேன், டைமிங் வச்சுக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"இங்கனயே வச்சுற முடியாதா பாய்?"

"வச்சா சரியா தப்பான்னு எங்க பாக்க? ராம்நாட்டுல ஏத்தம்னு எதக் காமிப்பே? ஒங்க பாலம் ஒண்ணுதான்."

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பத்து மணிப் பேருந்தில் சீனி முகம்மது வந்திறங்கியபோது பூசை முடிந்து, பெண்கள் கோயில் சேலையோடு வேலியோரம் கூடிவிட்டிருந்தார்கள். வண்டி என்ன ஆகிறது என்று அறிய அவர்களுக்கும் அவசியம் இருந்தது.

அவர் மூடியைக் கழற்றினார். பாயிண்டை எடுத்தார், அதோடு சேர்ந்த கண்டென்சரை எடுத்தார். இரண்டையும் மரியசெல்வம் துடைத்து ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டார். நடுத்தண்டின் மேல், காந்தம் பதித்த ஒரு வளையம் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காந்தம் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பெட்டி உணர்ந்து, அந்தந்த நேரத்தில் பொறி விடும். பெட்டியிலிருந்து சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர் காயிலுக்குப் போயின. அவ்வளவுதான்.

"இத்துனூண்டு டப்பாவா அம்புட்டு வேலையும் பாக்கும்?" என்றார் ரோக்கியம்மாள்.

"ஆமாத்தா. இதுல உரசுறது இல்ல. உரசாததுனால தேயாது, உப்புப் பூக்காது."

"உரசாமப் பொறி எப்புடி வரும்?"

"ஏன், ஒங்க வீட்டுல வரலையா?" என்று குறுக்கே விழுந்தார் பிலோமினாள். ரோக்கியம்மாளின் தம்பி பெண்டாட்டி. "மதினி மூணாவது தெருவுல நின்னு பேசுனாலே மருமகளுக்குப் பொறி வந்துருது."

சிரிப்பு அடங்கியபின் சீனி முகம்மது டைமிங் வைக்கத் தொடங்கினார். துப்பாக்கி போல ஒரு விளக்கு வைத்திருந்தார். அதை முதல் பிளக்கின் ஒயரில், ஒற்றை முடிச்சுப் போட்ட ஒயரில் மாட்டினார். பொறி வரும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னி அணையும். இன்ஜினின் முன்னால் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தில் ஒரு கீறல் இருந்தது, எண்ணெய் அப்பி மறைந்து கிடந்தது. "வெள்ளையா ஏதாச்சும் குடுங்க" என்றார். ரோக்கியம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து விரல்நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தார். அதைக் கீறலில் தடவி இன்ஜினைக் கிளப்பியபோது, வெயிலில் விளக்கின் ஒளி தெரியவில்லை. ஜெபமாலை உள்ளே போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடிக்க, அந்த நிழலுக்குள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். புல்லி கண்மண் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மின்னுகிற ஒளியில் சுண்ணாம்புக் கோடு மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது.

"சுத்துது. ஆனா நிக்குது" என்றார் பிலோமினாள், மெதுவாக.

"அது நிக்கிற எடந்தான் டைமிங்கு" என்றார் சீனி முகம்மது. "தூளி ஆட்டுறீகள்ல? தூளி நம்மளப் பாத்து வரும்போதே தள்ளுனா கை நோகும், பிள்ளையும் முழிச்சுக்கிரும். ரொம்பத் தூரம் போனப்பறம் தள்ளுனா காத்தத் தள்ளுன மாதிரி. வந்து திரும்புற நேரம் பாத்துத் தள்ளணும். பொறியும் அப்புடித்தான்."

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தி, கிண்ணத்தை மயிரிழை திருப்பினார். கோடு நகர்ந்து, இன்ஜின் உடம்பில் இருந்த குறிக்கு நேராக வந்தது.

"இப்ப பாலத்துல ஏத்திப் பாக்கணும். லோடு வேணும். மீனு இல்லியே."

மரியசெல்வம் பெண்களைப் பார்த்தார்.

"நீங்க பத்துப் பேரு ஏறுனாப் போதும், பத்துக் கூட வெயிட்டு வந்துரும்" என்றார் சீனி முகம்மது.

"ஏம்ப்பா பாயி, ஒனக்கு வாயி கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே ரோக்கியம்மாள்தான் முதலில் ஏறினார்.

கோயில் சேலைகளோடு பத்துப் பெண்களும் பின்னால் உட்கார, வண்டி பாலம் ஏறியது. பாதி ஏற்றத்தில் தகர டப்பாவில் காசைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "பொறி முந்துது" என்று சீனி முகம்மது வண்டியைத் திருப்பச் சொன்னார். அடிவாரத்தில் நிறுத்தி, கிண்ணத்தைத் துளி பின்னால் திருப்பினார். இரண்டாம் தடவை சத்தம் இல்லை, ஆனால் இழுவையும் இல்லை. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. "பிந்திருச்சு." மறுபடி இறங்கி, மறுபடி மயிரிழை. மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது கியரிலேயே வண்டி உச்சிக்குப் போனது. இரண்டு முறை நின்ற இடத்தைக் கடக்கும்போது ரோக்கியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கீழே ரயில் பாலமும் நீரும் போய்க்கொண்டிருந்தன.

ஜெபமாலை பொரித்த பாரை மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது சீனி முகம்மது சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு மாப்ள. இன்ஜின் ஓடாம சாவிய மட்டும் போட்டு வச்சிராத. கொஞ்ச நேரம்னாப் பரவால்ல, நெடுநேரம்னா பெட்டி சூடாகிக் கருகிரும்."

"நான் ஏன் பாய் சாவியப் போட்டுட்டுச் சும்மா நிக்கப் போறேன்?"

மரியசெல்வம் மனசாரத்தான் சொன்னார். அவருக்குச் சாவி போடுவது என்றால் வண்டியைக் கிளப்புவது. விடியலில் கரையில் அவர் செய்வது மாதாவுக்கு விளக்குப் போடுவது. கை ஒன்றுதான், திருப்புவதும் ஒன்றைத்தான், ஆனால் அவர் மனதில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததே இல்லை.

பொறிக்கு இப்போது பலம் கூடிவிட்டது, இலேசான ஈரம் தடுக்காது என்று சீனி முகம்மது சொல்லியிருந்ததால் அன்றிரவு கணவாய் வண்டியிலேயே தங்கியது. ஜெபமாலை துண்டைத் துவைத்துப் போட்டார். அடுப்போரம் காலியான இடத்தில் உப்புச் சாடியை வைத்தார். அதற்கும் அங்கே ஈரம் படாது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. அந்த மூன்று நாளும் வள்ளங்கள் சீக்கிரம் வந்தன, பத்து நிமிடத்தில் கூடைகள் ஏறிவிட்டன. வியாழக்கிழமை நீரோட்டம் எதிர்த்து, வள்ளங்கள் பிந்தின. மாதா விளக்கு முக்கால் மணி நேரம் எரிந்தது. கடைசிக் கூடை ஏறி, கதவைச் சாத்தி, மரியசெல்வம் ஸ்டார்ட்டரை அழுத்தினார். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி. மறுபடி.

பாலத்தில்கூட இல்லை. கரையிலேயே.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சவேரியாரின் வண்டி சாலையில் நின்றது. ரோக்கியம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அருகில் வந்தார்.

"சொன்னது சொன்னதுதான் செல்வம்."

"சரி அத்த. போங்க. நேரமாயிருச்சு."

வண்டியை நான்கு பேர் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மரியசெல்வம் எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பட்டறைக்குப் பேசினார். சனிக்கிழமை சீனி முகம்மது வந்தார். மூடியைத் திறந்ததுமே கருகிய வாடை.

"சாவியப் போட்டு வச்சே."

"இல்ல பாய்."

"போட்டு வச்சே மாப்ள. இது சும்மா கருகாது."

"மாதா மேல ஆணையா இல்ல. நான் என்ன கூறுகெட்டவனா?"

"அப்ப என் வேல சரியில்லங்கிறியா?"

இருவர் குரலும் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று கேட்டார்கள். ஜெபமாலை டீயோடு வந்தவர், டீயைக் கொடுக்காமல் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, கரையில நிக்கும்போது மாதா வெளக்கு எரியுதுல்ல?"

"எரியுது. அதுக்கென்ன இப்ப?"

"அது எப்புடி எரியுது?"

மரியசெல்வம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கை தானாகச் சாவித் துவாரத்தின் பக்கம் போனது.

சீனி முகம்மது குனிந்து, முன்பலகைக்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது நேராகச் சாவியில் போய் முடிந்தது.

"அல்லாவே" என்றார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காதோர டெஸ்டரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாதித் தப்பு என்னோடது. அன்னைக்கு நானும் வெளக்கப் பாத்தேன். பேட்டரியில இருந்து தனியா இழுத்திருப்பான்னு நெனச்சேன், தொட்டுப் பாக்கல."

"எட்டு வருசமா எனக்குப் பழக்கம், பாய். எனக்கே தோணலையே" என்றார் மரியசெல்வம்.

"டீ ஆறுது" என்றார் ஜெபமாலை.

புதுப் பெட்டி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் பால்பவுடர் டப்பாவிலிருந்து பழைய பாயிண்டை எடுத்து மாட்டி, டைமிங்கையும் அதற்கேற்றபடி வைத்துக் கொடுத்தார் சீனி முகம்மது. அன்று மாலையே விளக்குக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி சுவிட்ச் வைத்தார். இனி சாவி இல்லாமலே அது எரியும். உப்புச் சாடி இடம் மாறியது. கணவாய் அடுப்போரத்துக்குத் திரும்பி வந்தது.

பெண்கள் வரவில்லை. திங்கட்கிழமை விடியலில் மரியசெல்வம் வழக்கம்போல வண்டியைக் கரையில் நிறுத்தி விளக்கைப் போட்டார். வீட்டில் இருந்தால் ஜெபமாலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சவேரியாரின் வண்டியில் பத்துக் கூடையும் ஏறுவதைப் பார்த்தார். சவேரியார் கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். செவ்வாயும் அப்படியே போனது. பஸ் ஸ்டாண்டில் கிடைத்த கருவாட்டு மூட்டை இரண்டை ஏற்றிக்கொண்டு மண்டபம்வரை போய்வந்தார்.

சவேரியாரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி சுத்தம், ஓட்டம் சுத்தம். ஆனால் அவர் கடிகாரம் பார்க்கிறவர். ஐந்தேகால் என்றால் ஐந்தேகால். பரமக்குடியில் கூடைகளை இறக்கியதும் அங்கேயே அவருக்குப் பள்ளிக்கூட சவாரி உண்டு. புதன்கிழமை பிலோமினாளின் வீட்டுக்காரர் வள்ளம் பிந்தியது. ஏலம் முடிந்து பிலோமினாள் கூடையோடு ஓடி வந்தபோது டீசல் வண்டியின் பின்விளக்கு சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ரோக்கியம்மாள் கத்தியது கரைவரை கேட்டது. வண்டி நிற்கவில்லை.

பிலோமினாள் கூடையை மணலில் இறக்கினார். பிறகு திரும்பிப் பார்த்தார். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒற்றைக் கூடையோடு, வெதுவெதுப்பான மூடியோடு, பழைய பாயிண்டோடு வண்டி பாலம் ஏறி இறங்கியது. பரமக்குடியில் ஏழே முக்காலுக்கு அவரை இறக்கிவிட்டார் மரியசெல்வம்.

மறுநாள் பின்னேரம் ரோக்கியம்மாள் வீட்டுக்கு வந்தார். நேராக அடுப்படிக்குள் போய், ஜெபமாலை போட்ட மணையில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்தார்.

"நேத்து பிலோமிய விட்டுட்டுப் போனான். அவ தம்பி பொண்டாட்டிங்கிறதுக்காகச் சொல்லல. நாளைக்கு நானும் பிந்துவேன். வண்டி நிக்காம ஓடுறது ஒரு கணக்கு. எங்களுக்காக நிக்கிறது இன்னொரு கணக்கு. ரெண்டும் ஒரே வண்டியில கெடைக்காதா, செல்வம்?"

"ஞாயித்துக்கெழம புதுப் பெட்டி போடுறாக. வெளக்கு இனி தனி. சாவிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"நீ வெளக்கப் போடுறப்ப பழக்கத்துல சாவியத் திருப்ப மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

மரியசெல்வத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நிச்சயம் இல்ல அத்த. கை தன்னால போகுது."

"போகும்" என்றார் ஜெபமாலை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "நேத்துக்கூடப் போச்சு. சொன்னாக."

ரோக்கியம்மாள் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டார். சுருக்குப்பையை இடுப்பிலிருந்து உருவி, வாயை விரித்து நீட்டினார்.

"அப்ப கரைக்கு வந்ததும் சாவிய இதுல போடு. கடேசிக் கூட ஏறுனதும் தாரேன்."

"பொம்பள கையில சாவியக் குடுத்துட்டு நான் என்ன செய்ய, அங்கன நின்னு?"

"கூட தூக்கி விடு. எட்டு வருசமா உக்காந்தே இருந்துட்டே."

ஜெபமாலைக்குச் சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்துப் பேரில் ஆறு பேர் வந்தார்கள். மற்ற நான்கு பேர் சவேரியாரோடே இருந்துவிட்டார்கள். அந்தப் புது வண்டியில் குலுக்கல் குறைவு, அவர்களுக்கு அதுதான் முக்கியம். அதில் மரியசெல்வத்துக்கு வருத்தம் உண்டு, ஆனால் ஆறு கூடையில் வண்டி ஓடியது. பிறகு பாம்பனிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். வண்டி பாலத்தில் மறுபடி நிற்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 1999இல் ஒருமுறை பெட்ரோல் தீர்ந்து நின்றது. அதை ரோக்கியம்மாள் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் ஒரு வருடம் சொல்லிக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட இரண்டாவது கறுப்புப் பெட்டி கருகவே இல்லை. 2004இல் வேனின் அடித்தகடு உப்பில் அரித்து, கூடையின் தண்ணீர் சாலையில் ஒழுகத் தொடங்கியபோதுதான் மரியசெல்வம் அதை விற்றார். பெட்டியையும் காந்த வளையத்தையும் கழற்றிச் சீனி முகம்மதுவிடம் கொடுத்தார், அவர் அதை வேறொரு பழைய காருக்கு மாட்டினார். மாதா சொரூபம் புது வண்டிக்கு வந்தது. புது வண்டி டீசல். அதில் பொறி இல்லை, காயில் இல்லை, சாவியை மணிக்கணக்கில் போட்டு வைத்தாலும் கருக எதுவும் இல்லை. மரியசெல்வம் அதை முதல் நாளே பெண்களுக்கு விளக்கிச் சொன்னார். ரோக்கியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுருக்குப்பையை விரித்து நீட்டினார்.

இன்று 2009இல் ரோக்கியம்மாள் இல்லை. மரியசெல்வத்துக்கு ஐம்பத்தைந்து. முழங்காலில் வலி இருக்கிறது, கூடை தூக்கிவிட்டு வந்த வலி என்று ஜெபமாலையிடம் சொல்கிறார், அவர் நம்புவதில்லை. விடியலில் வண்டி கரையில் நிற்கிறது, நீல விளக்கு எரிகிறது. சாவி இப்போது பிலோமினாளின் பையில். கடைசிக் கூடை ஏறிக் கதவு சாத்தியதும், பின் பலகையிலிருந்து அது கைமாறிக் கைமாறி முன்னால் வருகிறது. ஓட்டுநர் இருக்கையில் மரியசெல்வம், திரும்பிப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் நீட்டி வைத்திருக்கிறார்.